தாடிக்கொம்பு மேடமும் எதுக்கு பாயும்

‘ஐ அக்ரீ’ பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், அதற்கு மேலே பொடி எழுத்தில் இருப்பதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திண்டுக்கல் பேகம்பூரில் இருக்கிறார். எழுதியவர்கள்கூட அதை முழுசாகப் படித்திருக்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அவருக்கு ஊர் வைத்த பெயர் எதுக்கு பாய். எங்கள் தெருவுக்குத் திரும்பும் முனையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், கால் வளைந்த நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஜாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பரீட்சைக்கு விண்ணப்பிப்பது என்று எல்லாம் செய்து கொடுப்பார். வேறு கடையில் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை பாயிடம் ஒரு மணி நேரம் ஆகும். விண்ணப்பத்தில் ஒவ்வொரு கட்டம் வரும்போதும் கீபோர்டிலிருந்து கையை எடுப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். திரையை நேருக்கு நேர் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்பார்.

“எதுக்கு?”

திரை பதில் சொல்லாது. பாய் காத்திருப்பார். அவர் பின்னால் வரிசையும் காத்திருக்கும்.

ஒருமுறை ரெட்டியார்சத்திரத்திலிருந்து ஒரு முருங்கை விவசாயி வந்திருந்தார். சொட்டுநீர்க் குழாய்க்கு விலை கேட்டு ஏதோ ஒரு கம்பெனியின் வெப்சைட்டில் எழுத வேண்டும். பெயர், ஊர், எத்தனை ஏக்கர் என்று எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று பாயின் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

“கல்யாணம் ஆனவரா ஆகாதவரான்னு கேக்குறான்.”

“ஆயிருச்சு பாய். மூணு புள்ளைங்க. போடுங்க.”

“எதுக்கு? குழாய்க்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்? கல்யாணம் ஆகாதவன் தோட்டத்துல தண்ணி வேற மாதிரி சொட்டுமா?”

“பாய், நாலு மணி பஸ்ஸு போயிரும்.”

“அஞ்சு மணிக்கு அடுத்த பஸ்ஸு இருக்கு மாமா. வெளிய போன வெவரம் திரும்பி வாரதுக்கு பஸ்ஸே கெடையாது.”

விவசாயி ஐந்து மணி பஸ்ஸில்தான் போனார். ஆனால் போகும்போது, “அதான, அவனுக்கு எதுக்கு?” என்று முணுமுணுத்துக்கொண்டே போனதை நான் என் காதால் கேட்டேன்.

குக்கீஸ் விஷயத்தில் பாய் இன்னும் மோசம். எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் ‘குக்கீஸை ஏற்கிறீர்களா’ என்று ஒரு பலகை குறுக்கே வந்து நிற்குமே, நாமெல்லாம் ஈயை விரட்டுவதுபோல அதை அழுத்தி விரட்டிவிடுவோம். பாய் அதை வாடிக்கையாளருக்கு விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்காமல் நகர மாட்டார். எங்கள் தெரு பூக்கார அக்கா, மகள் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை பார்க்க வந்திருந்தது.

“அக்கா, இது புடவைக் கடைன்னு வச்சுக்க. நீ உள்ள போறப்ப ஒரு ஆளு ஒன் பின்னாடியே வருவான். நீ எதைத் தொட்ட, எதைப் பாத்து செத்த நேரம் நின்ன, எந்த வெலையைப் பாத்து மொகம் சுளிச்சன்னு அம்புட்டையும் எழுதிக்கிட்டே வருவான். பரவால்லையா?”

அக்கா பூக்கூடையைக் கீழே வைத்தது.

“கடைக்குள்ள மட்டுமா, வெளியவும் வருவானா?”

“அடுத்த கடைக்கும் வருவான். வீட்டுக்கும் வருவான். அடுப்படியில நீ தக்காளி தொக்கு எப்பிடிச் செய்யிறதுன்னு தேடுறப்பக்கூட, மஞ்சப் புடவை வேணுமான்னு கேப்பான்.”

“செருப்பு பிஞ்சிரும்னு சொல்லுங்க பாய்.”

பாய் மிகுந்த மரியாதையோடு ‘எல்லாவற்றையும் நிராகரி’ என்பதை அழுத்தினார். “சொல்லிட்டேன்க்கா.”

வெளியிலும் அவர் இப்படித்தான் என்பதை அவர் மனைவி என் அம்மாவிடம் சொல்லி அழாத குறை. ரம்ஜானுக்குத் துணி எடுக்கப் போயிருக்கிறார்கள். பில் போடும் பெண் போன் நம்பர் கேட்டிருக்கிறாள்.

“எதுக்கும்மா?”

“பில்லுக்கு சார்.”

“பில்லை பேப்பர்லதானே அடிக்கிற?”

“ஆஃபர் வந்தா மெசேஜ் வரும் சார்.”

“ஆஃபர் வேணும்னா நானே வாரேன். கடைக்கு வழி எனக்குத் தெரியும்.”

“நம்பர் போடாம கம்ப்யூட்டர் பில் அடிக்காது சார்.”

பின்னால் நாற்பது பேர். நோன்பு திறக்க நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பாயம்மா, “குடுத்துத் தொலைங்களேன்!” என்று கெஞ்சியிருக்கிறார். பாய் அசையவில்லை. கடைசியில் மேனேஜர் ஓடி வந்து, தன்னுடைய நம்பரையே போட்டு பில் அடித்து அனுப்பி வைத்தார். அந்தக் கடையின் தள்ளுபடிச் செய்திகளெல்லாம் இன்றுவரை அந்த மேனேஜருக்கே போய்க்கொண்டிருப்பதாகக் கேள்வி.

இவருக்கு முன்னே ஏதோ பெரிய மோசடி நடந்திருக்கும், அதனால்தான் இப்படி ஆகிவிட்டார் என்று தெருவில் பலரும் சொன்னார்கள். நான் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். “ஒண்ணுமே நடக்கலம்மா. நடந்தப்புறம்தான் பூட்டு வாங்கணுமா?” என்றார். அதுவும் பூட்டுக்குப் பேர்போன எங்கள் ஊர்க்காரர் கேட்டால் என்ன பதில் சொல்வது!

இப்போது என் கதைக்கு வருகிறேன். அப்போது நான் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தேன். என்ன வேலை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கம்ப்யூட்டர் டீச்சர். ‘இணையத்தின் பயன்கள்’ என்று பத்து வரி போர்டில் எழுதிப் போட்டு, பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொல்வேன்.

என் தங்கை ஜெனி பிளஸ் டூ முடித்திருந்தாள். நர்ஸாக வேண்டும் என்பது அவளுக்கு ஏழாம் வகுப்பிலிருந்து ஆசை. மதுரைப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரிக்குப் பாயிடம் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்து விண்ணப்பித்துவிட்டு வந்தோம். இடம் கிடைத்தால் ஜெனியின் போனுக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அது ஒன்றை மட்டும் நம்பி இருக்க வேண்டாமே என்று, ‘நர்சிங் கல்லூரிகளுக்கு இலவச வழிகாட்டி’ என்ற ஒரு வெப்சைட்டில் நானே பதிவு செய்தேன். பாயிடம் இன்னொரு முறை போக எனக்குப் பொறுமை இல்லை.

நான்கே நிமிடம்! ஜெனியின் போன் நம்பர், அப்பா வேலை, அம்மா வேலை, குடும்ப வருமானம், வீட்டு விலாசம் என்று கேட்ட எல்லாவற்றையும் வாரி வழங்கினேன். ஒரே ஓர் இடத்தில்தான் சிக்கல். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கேது குடும்பப் பெயர்? காலியாக விட்டால் சிவப்பாகத் திட்டியது. இனிஷியலைப் போட்டேன், குறைந்தது மூன்று எழுத்து வேண்டும் என்றது. எங்கள் அப்பாவின் சொந்த ஊர் ஞாபகம் வந்தது. ‘தாடிக்கொம்பு’ என்று அடித்தேன். ஏற்றுக்கொண்டது. ஜெனிஃபர் தாடிக்கொம்பு. பார்க்க ஏதோ வெளிநாட்டு டாக்டர் பெயர் மாதிரி எடுப்பாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தது.

“குட் மார்னிங், மிஸ் தாடிக்கொம்புங்களா?” முதலில் கேள்விப்படாத கல்லூரிகள். அப்புறம் ஜெர்மன் மொழி வகுப்பு. அப்புறம் முடி கொட்டாமல் இருக்க எண்ணெய். மூன்றாம் நாள் கிச்சன் புகைபோக்கி. ஜெனி குளிக்கப் போயிருந்தபோது வந்த ஓர் அழைப்பை அப்பா எடுத்துவிட்டார். அப்பா அரசு பஸ் கண்டக்டர். மெதுவாகப் பேசினாலே பின் படிக்கட்டு வரை கேட்கும்.

“யாரு வேணும்?”

“தாடிக்கொம்பு மேடம் இருக்காங்களா சார்?”

“ஏலே, அது ஊருடா! மேடம் இல்ல!”

அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். ஐந்தாம் நாள் ஒருவன், ஏதோ கோச்சிங் சென்டர் பெயரைச் சொல்லிப் பேசியவன், சாயங்காலம் மெசேஜ் அனுப்பினான். ‘உங்க வாய்ஸ் நல்லாருக்கு.’ ஜெனி பதில் போடவில்லை. மறுநாள், ‘உங்க வீடு எந்தத் தெருன்னு தெரியும், ஒருநாள் வரவா?’ அந்த மெசேஜ் அப்பா கண்ணில் பட்டது.

வீடு ரெண்டுபட்டது. “இவனுக்கு ஒன் நம்பர் எப்பிடிக் கெடச்சுச்சு? யாருக்குடி குடுத்த?”

“நான் யாருக்கும் குடுக்கலப்பா.”

“குடுக்காமயா வீட்டு அட்ரஸ் வரைக்கும் தெரியுது?”

அப்பா போனை அணைத்து, பீரோவில் வைத்துப் பூட்டினார். காலேஜும் வேண்டாம், மதுரையும் வேண்டாம், கண்ணுக்கு எதிரே இருந்தால் போதும் என்றார். அந்தப் போனுக்குத்தான் கல்லூரியிலிருந்து அழைப்பு வர வேண்டும். ஜெனி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு வேளை சாப்பிடவில்லை.

கொடுத்தது நான் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்லவில்லை. அந்த ஒரு நாள் முழுக்க நான் எவ்வளவு கோழையாக இருந்தேன் என்பதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

அடுத்த நாள் மத்தியானம், பள்ளியில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுப் பாய் கடைக்குப் போனேன். உள்ளே மூன்று பேர் காத்திருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“என்ன பேரு சொல்லிக் கூப்புடுறாங்க?” என்று மட்டும் கேட்டார்.

“தாடிக்கொம்பு.”

பாய் முதன்முறையாகச் சத்தமாகச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். “இந்தப் பேரை நீ எத்தனை எடத்துல குடுத்த?”

“அந்த ஒரே எடத்துலதான் பாய்.”

“அப்ப தண்ணி எந்தக் கொழாயில ஒழுகுதுன்னு தெரிஞ்சுபோச்சு.”

அந்த வெப்சைட்டைத் திறந்து, அடியில் இருந்த பொடி எழுத்தையெல்லாம் பிரிண்ட் எடுத்தார். பதினொரு பக்கம். நின்றுகொண்டே படித்தார். ஏழாவது பக்கத்தில் விரலை வைத்தார்.

“‘நம்பிக்கைக்குரிய கூட்டாளிகளோடு பகிர்வோம்’னு போட்டிருக்கான். யாரோட நம்பிக்கைக்கு? அவனுக்கு நம்பிக்கை. நமக்கு ஆளே தெரியாது. இதுக்குச் சம்மதம்னு ஒரு டிக் இருக்கு பாரு. நாம போடுறதுக்கு முன்னாடியே போட்டு வச்சிருக்கான்.”

“இப்ப என்ன செய்யிறது பாய்? லெட்டர் எழுதலாமா?”

“லெட்டர் அப்பறம். மொதல்ல ஒங்க அப்பாகிட்ட உண்மையைச் சொல்லு. அந்தப் புள்ள செய்யாத தப்புக்கு அழுதுக்கிட்டிருக்கு.”

“அப்பா கொன்னுருவாரு பாய்.”

“நானும் வாரேன்.” காத்திருந்தவர்களிடம், “செத்த நேரம் பொறுங்க” என்று சொல்லிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குத் தவிர அந்த ஷட்டர் பகலில் இறங்கி யாரும் பார்த்ததில்லை.

அப்பா டியூட்டி முடிந்து வந்து, காக்கிச் சட்டையோடு சாப்பிட உட்கார்ந்திருந்தார். நான் வாசற்படியில் நின்றபடியே சொல்லிவிட்டேன். “நம்பர் குடுத்தது நான்ப்பா. அட்ரஸும் நான்தான்.” அப்பா எழுந்த வேகத்தில் ரசம் கொட்டியது. பாய் நடுவில் வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். விருந்தாளி உட்கார்ந்தபின் நின்றுகொண்டு கத்த அப்பாவுக்குத் தெரியாது. அவரும் உட்கார்ந்தார்.

“சார், ஒங்க பஸ்ல ஏறுறவங்ககிட்ட என்ன கேப்பீங்க?”

“எங்க எறங்கணும்னு கேப்பேன்.”

“வேற?”

“வேற என்ன? எறங்குற எடம் தெரிஞ்சா டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்துருவேன்.”

“ஒங்க மச்சான் நம்பர் என்ன, வீட்ல எத்தனை பேரு, மாசம் என்ன வருமானம், இதெல்லாம் கேக்க மாட்டீங்களா?”

“கேட்டா பஸ்ஸை நிறுத்தி அடிப்பாங்க பாய்.”

“இவங்க கேக்குறாங்க சார். யாரும் அடிக்கிறதில்ல. ஒங்க மக டிக்கெட் கேட்டுப்போன புள்ள. கேட்டதையெல்லாம் சொன்னாத்தான் டிக்கெட்டுன்னு சொன்னா, அது என்ன செய்யும்? ஒங்க போனைக் குடுங்க.”

அப்பா போனை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் கரண்ட் போனால் வெளிச்சம் போட அவர் ஒரு டார்ச் ஆப் போட்டு வைத்திருந்தார். பாய் எதையெதையோ தட்டி, அந்த ஆப்புக்கு என்னென்ன அனுமதி கொடுத்திருக்கிறது என்று காட்டினார். நாம் இருக்கும் இடம். போனில் உள்ள எல்லாருடைய நம்பரும். மைக்.

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். முகம் சிவந்தது.

“டார்ச் லைட்டுக்கு என் மச்சினன் நம்பர் எதுக்குய்யா?”

“அதைத்தான் சார் நான் இம்புட்டு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்” என்றார் பாய்.

அப்பா எழுந்து போய் பீரோவைத் திறந்தார். ஜெனி படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் போனை வைத்தார். “சாப்டியா?” என்றார். எங்கள் அப்பா தன் வாழ்நாளில் கேட்ட ஒரே மன்னிப்பு அதுதான். ஜெனி எழுந்து உட்கார்ந்தாள். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. அதற்கு இன்னும் மூன்று நாள் ஆனது.

‘வரவா’ என்று கேட்டவனை அப்பா அன்றைக்கே கூப்பிட்டார். எதிர்முனையில் எடுத்ததும், பழனி பஸ்ஸில் கூட்டத்தை உள்ளே தள்ளும் அதே குரலில், “தாடிக்கொம்பு மேடம் பேசுறேன். எப்பப்பு வார?” என்றார். அதன்பின் அந்த நம்பரிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மெசேஜை அழிக்காமல் வைத்திருக்கச் சொன்னார் பாய், மறுபடி வந்தால் போலீஸுக்குப் போகலாம் என்று. வரவில்லை.

கடிதத்தைப் பாய் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடித்தேன். ‘எங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறோம், எங்கள் விவரங்களை அழியுங்கள், யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.’ புகார் செய்ய வேண்டிய ஈமெயில் விலாசம் அந்தப் பதினோராம் பக்கத்தின் கடைசியில், குழம்பில் கிடக்கும் கறிவேப்பிலை மாதிரி ஒளிந்திருந்தது. ஒரு நிமிடத்தில் கம்ப்யூட்டரே அனுப்பும் தானியங்கிப் பதில் ஒன்று வந்தது. விவரங்களை அழிக்க வேண்டுமானால் அடையாள அட்டையை முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம்.

பாய் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். “வீட்ட விட்டு வெளிய போறதுக்கும் வீட்டுப் பத்திரத்தைக் கேக்குறான் பாரு!”

அட்டையை அவர் அனுப்பவிடவில்லை. தினமும் காலை பத்து மணிக்குக் கடை திறந்ததும் அவருக்கு முதல் வேலை, அதே கடிதத்தை மறுபடி அனுப்புவது. ஒவ்வொரு நாளும் அடியில் ஒரு வரி மட்டும் புதுசாகச் சேர்ப்பார். ‘நேற்றும் பதில் இல்லை. நாளையும் எழுதுவேன். எனக்கு வேறு வேலை இருக்கிறது, ஆனாலும் எழுதுவேன்.’ எட்டாம் நாள், கடிதத்தின் அடியில் போட்டிருந்த கடை நம்பருக்கு ஒரு பெண் கூப்பிட்டாள். பாய் ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், நீங்கதான் டெய்லி எழுதுறவரா? நான் இங்க சப்போர்ட்ல வேலை பாக்குறேன் சார்.”

“சொல்லும்மா.”

“நீங்க எழுதுனதை எங்க மேலிடத்துல காட்டிட்டேன். அழிச்சிட்டோம் சார். வாங்குனவங்களுக்கும் அழிக்கச் சொல்லி மெயில் போட்டாச்சு.” குரலைத் தாழ்த்தினாள். “சார், டெஸ்ட் பண்றப்ப நானும் என் நம்பரைத்தான் போட்டேன். எனக்கும் டெய்லி புகைபோக்கி வேணுமான்னு கூப்புடுறாங்க. ஒங்க லெட்டரை வச்சு என்னோடதையும் எடுத்துட்டேன்.”

“நல்லாருப்ப தாயி” என்றார் பாய்.

அழைப்புகள் ஒரேயடியாக நின்றுவிடவில்லை. ஏற்கெனவே கைமாறிப் போனது போனதுதான். ஆனால் தினம் பதினைந்து வந்தது ஐந்தாகி, வாரத்துக்கு ஒன்றாகித் தேய்ந்தது. இரண்டு மாதம் கழித்து அந்த வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். முன்கூட்டியே போட்டு வைத்திருந்த டிக் இல்லை. குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டாலும் சிவக்கவில்லை. இது எங்கள் கடிதத்தால் நடந்ததா என்று எனக்குத் தெரியாது. பாய்க்கு அதில் சந்தேகமே கிடையாது.

இதற்கு நடுவில் ஒரு சனிக்கிழமை காலை ஜெனியின் போன் அடித்தது. தெரியாத நம்பர். வீட்டில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எடுக்க ஜெனிக்குக் கை வரவில்லை. “எடும்மா, நான் பக்கத்துல இருக்கேன்ல” என்றார் அப்பா. எடுத்தாள். “ஜெனிஃபரா?” என்று கேட்டார்கள். வெறும் ஜெனிஃபர். கல்லூரியிலிருந்துதான். இடம் கிடைத்துவிட்டது.

அந்த வருஷம் என் வகுப்பில் ‘இணையத்தின் பயன்கள்’ பத்து வரியை அழித்துவிட்டு, பாயைப் பேசக் கூப்பிட்டேன். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். முன்வரிசையில் இருந்த ஆறாம் வகுப்புச் சிறுமியிடம், “ஒன் பேரென்னம்மா?” என்று கேட்டார்.

அவள் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, “எதுக்கு அங்கிள்?” என்றாள்.

வகுப்பு சிரித்தது. பாய் சிரிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். “இனிமே நான் பேசுறதுக்கு ஒண்ணுமில்ல டீச்சர்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அந்த வகுப்புக்கே மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜெனி இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். நோயாளியின் கேஸ் ஷீட்டைத் திறந்து வைத்துவிட்டு யாராவது நகர்ந்தால் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள் என்று கேள்வி. தனிப்பட்ட விவரங்களைக் காக்க நாட்டில் சட்டமே வந்துவிட்டது. அது வந்த வாரமே பாய் அதைப் பிரிண்ட் எடுத்து, பைண்டிங் போட்டு, முழுசாகப் படித்து, ஓரங்களில் எல்லாம் பென்சிலால் சண்டை போட்டு வைத்திருக்கிறார்.

நான் கல்யாணமாகித் திருச்சிக்கு வந்து நாளாகிவிட்டது. இங்கே என் தெருவிலேயே மூன்று கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது. என் போனிலேயே எல்லாம் செய்துவிடலாம். இருந்தாலும் அவசரமில்லாத விண்ணப்பங்களையெல்லாம் ஒரு பையில் சேர்த்து வைத்துக்கொள்கிறேன். ஊருக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போய், பாய் கடையில் ஒரு நாற்காலி பிடித்து, எனக்கு முன்னால் இன்னும் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கிறேன். நிறையப் பேர் இருந்தால் சந்தோஷமாக இருக்கிறது.